ஐந்தாம் துண்டு

ஒரே இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எனக்குக் கால் துறுதுறுக்கும். மாதா கோயில் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த உத்தியோகம், நாள் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு கோடு போடுவது. அரசாங்கத்தின் கட்டுமான அலுவலகம் ஒன்றில் டிரேஸர். எஞ்சினியர்கள் பென்சிலில் போட்டுக் கொடுக்கும் வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, பொடி தடவித் துடைத்து, கீழே தெரியும் ஒவ்வொரு கோட்டையும் கறுப்பு மையால் மேலே இழுக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் மை பரவிவிடும். பரவினால் சவர பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் அலுவலகத்தில் பெண்கள் நான்கு பேர். நான்கு பேரும் டிரேஸர்கள். பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். என்னைப் பார்க்காமல் செய்த முடிவு.

வீடு ராயபுரத்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. என் அக்காவைத் திருவொற்றியூர்க் கடற்கரையில் ஒரு குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் கட்டுமரக்காரர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கலியாணத்துக்குப் போனபோது அக்கா வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வரிசை வீடுகள், வலை காயப்போடும் மணல், ஒரு தார் ரோடு எல்லாம் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பார்த்தால் அக்கா வீடுதான் முதல் வரிசை. தார் ரோட்டில் பாதி கடலுக்குள் கிடந்தது. அலை உள்வாங்கும்போது அதன் விளிம்பு கறுப்பாகத் தெரியும்.

துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேருகிறது, வடக்கே கரை கரைகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். யார் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்கவில்லை. ஆபீஸ் முடிந்ததும் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் இருந்து தண்ணீர் வரைக்கும் அடி வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குத் திரும்புவேன். வாரத்தில் மூன்று நாளாவது போவேன். "நீ எண்ணுறதால அது நின்னுக்கப் போவுதா?" என்று அக்கா சிரிப்பாள். சிரித்தாலும் எத்தனை அடி என்று கேட்காமல் விடமாட்டாள்.

குப்பத்துக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கல் போட வேண்டும் என்று கட்டுப்பாடு. வராத வீடு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். கடல் தின்ற ரோட்டின் தார்ச் சல்லி, இடிந்த வீடுகளின் சுவர்த் துண்டு, தொழிற்சாலைக்காரர்கள் எண்ணூர் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன உலைக் கழிவுக் கருங்கட்டி, எது கிடைத்தாலும் கொண்டுவந்து கரையில் அடுக்கினார்கள். இதைத் தொடங்கியது மாமாதான். அதிகம் பேசாத மனிதர். கடலில் பெரிய அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. வலையும் பாதி அடுத்தவனுடையது. ஆனால் அந்தக் கல் வரிசைக்கு அவர்தான் மேஸ்திரி. எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று அவர் சொன்னால் குப்பமே கேட்டது. இரண்டு வருடத்தில் இடுப்பளவுக்கு ஒரு குவியல் நீளமாக எழுந்திருந்தது. அடியில் வெறும் மணல்தான். பெரிய அலை வந்தால் நாலு கல் உருண்டு போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடி எடுத்து மறுபடி வைப்பார்கள்.

அந்த வருடம் ஆகஸ்டில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. ராயபுரத்திலிருந்து வடக்கே கரையைக் காக்கப் பாறைச் சுவர் போடுவதற்கு மதிப்பீடு தயாரிக்க வேண்டும். வரும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டுமென்றால் மழைக்கு முன் வரைபடத்தோடு மேலே போயாக வேண்டும். கரையை ஐந்து துண்டாகப் பிரித்திருந்தார்கள். அக்கா குப்பம் ஐந்தாம் துண்டில். அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து மேஜைக்காரியிடம் என் வேலையைக் கொடுத்துவிட்டு இதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஹெட் டிராப்ட்ஸ்மேன் இந்த மாதிரிக் கோப்புகளை இருபது வருடமாகப் பார்த்தவர். சலிப்பு மிகுந்த மனிதர். "ரொம்ப ஆசைப்படாதே," என்றார். "கடல் வந்து வீட்டை அடிச்சப்புறம் கேட்டா நிவாரணம்னு உடனே குடுப்பாங்க. வர்றதுக்கு முன்னாடி கேட்டா நூறு கேள்வி கேப்பாங்க. அஞ்சு துண்டு கேட்டா மூணு கிடைக்கும். எதை வெட்டலாம்னு சாக்குத் தேடிக்கிட்டே இருப்பாங்க." எனக்கு எரிச்சலாக வந்தது. வரப்போகிறது என்று கண்ணுக்கெதிரே தெரிகிற ஒன்றுக்கு எதற்கு இத்தனை கேள்வி என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் நான்கு துண்டுகளை மூன்று நாளில் முடித்தேன். ஐந்தாம் துண்டுக்கு வந்தேன். பென்சில் படத்தில் கரைக்கோடு, கோயில், மிச்ச ரோடு, வீடுகள் எல்லாம் இருந்தன. அக்கா வீடு ஒரு சின்னச் சதுரம். ஆனால் கல் வரிசை இல்லை. அளக்க வந்தவர்களுக்கு அது ரோட்டோரக் குப்பையாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அது. மாமாவின் கைவிரல் நகங்கள் கறுத்துச் செத்துப்போனது அந்தக் கல்லில். அது இல்லாமல் என்ன படம்?

டிரேஸருக்கு ஒரே ஒரு விதிதான். கீழே இருப்பதை இழு, இல்லாததைச் சேர்க்காதே. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னது. நான் சேர்த்தேன். கரைக்கோட்டை ஒட்டி, கல் சுவருக்கு எப்படிப் போடுவோமோ அப்படியே இரட்டைக் கோடு இழுத்து, நடுவில் சின்னச் சின்னக் கல் வரைந்து, பக்கத்தில் 'கற்சுவர் - உள்ளது' என்று அழகாக எழுதினேன். அத்தனை நாள் வேலையில் கை துளிகூட நடுங்காமல் போட்ட கோடு அதுதான். ஹெட் டிராப்ட்ஸ்மேன் எஞ்சினியர் போட்டதென்று நினைத்துக் கையெழுத்து வைத்தார். எஞ்சினியர், அவர் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். கோப்பு மேலே போயிற்று.

அக்டோபரில் கேள்வியோடு திரும்பி வந்தது. நான்கு துண்டுக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஐந்தாம் துண்டுக்கு மட்டும்: வரைபடத்தின்படி இங்கே ஏற்கெனவே சுவர் உள்ளது, புதிய வேலை ஏன்? பராமரிப்பில் பார்த்துக்கொள்ளலாகாதா?

ஹெட் டிராப்ட்ஸ்மேன் பென்சில் படத்தையும் என் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யார் போட்டது?"

"நான்தான் சார். அங்க நெஜமாவே கல் இருக்கு சார்."

"கண்ணால பாத்ததையெல்லாம் போட நீ என்ன போட்டோ ஸ்டூடியோவா வச்சிருக்கே?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பராமரிப்புன்னா என்ன தெரியுமா? விழுந்த கல்லை எடுத்து வெச்சுக்கோன்னு அர்த்தம். புதுச் சுவர் கிடையாது. வெட்டறதுக்குச் சாக்குத் தேடறவங்க கையில நீயே குடுத்துட்டே."

பிளேடை எடுத்து இப்போதே சுரண்டிவிடுகிறேன் என்றேன். கையெழுத்தான படத்தில் கை வைத்தால் இரண்டு பேர் வேலையும் போகும் என்றார். பேனாவைத் திறந்தார். "நேர்ல பாத்துட்டு பதில் எழுதறோம்னு எழுதறேன். வர்ற வியாழக்கிழமை சின்ன எஞ்சினியர் போகட்டும். நீ சொல்ற கல்லுக் குவியலைப் பாத்தா எவனும் சுவர்னு சொல்ல மாட்டான். இது மக்களா அடுக்கினது, நிக்காதுன்னு ரெண்டு வரி எழுதிட்டா போதும். தப்பிச்சே."

ஆக, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் அக்கா என்று தொடங்க வேண்டும். வாசலில் மாமா உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு வழியில் போயிற்று.

"வியாழக்கிழமை ஆபீசருங்க வராங்க. நம்ம கல்லப் பாக்க."

மாமா வலையைக் கீழே போட்டார். "மெய்யாலுமா? நம்ம கல்லையா?"

"ஆமா மாமா."

"அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல கீது," என்றேன். அது பொய்யில்லை. அக்கா ஈரக் கையோடு எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். எதற்காக வருகிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்காமல் திரும்பிய முதல் சாயங்காலம் அதுதான்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்து திரும்பியதும் கண் கூசியது. கடற்கரை நெடுக வெள்ளை.

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்குத் தேர் வரும் தெருவில், ஓரக் கல்லுக்கெல்லாம் நீலம் கலந்த சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். பிஷப் வந்தாலும் அடிப்போம். பெரிய மனிதர் வரும் வழி வெள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. குப்பமே சேர்ந்து மூன்று நாள் வேலை செய்திருந்தது. கல்லையெல்லாம் பிரித்து, பெரியது கீழே சிறியது மேலே என்று திருப்பி அடுக்கி, சந்துகளில் களிமண் அப்பி, மேலே மட்டம் பார்த்து, இரண்டு கை சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரண்டு முனையிலும் வர்ணக் காகிதக் கொடி. கோயில் பெஞ்சு ஒன்று, அதன் மேல் விரிப்பு, சோடா புட்டிகள்.

"கல்லு கலீஜா இருந்துச்சுடி. ஆபீசருங்க வர்றப்போ அப்படியேவா காட்றது?" என்றாள் அக்கா. நல்ல புடவை கட்டியிருந்தாள். "உங்க மாமா ராத்திரி சரியா தூங்கவே இல்ல. ஷோக்கா கீது இல்ல?"

ஷோக்காகத்தான் இருந்தது. சுவர் மாதிரியே இருந்தது. இங்கும் அங்கும் நடந்தேன். தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு போகுமா என்றுகூட யோசித்தேன். பைத்தியக்காரத்தனம். ஜீப் வந்து நின்றுவிட்டது.

சின்ன எஞ்சினியர் என் வயதுக்காரர். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல் வரிசையை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்தார். பூட்ஸ் காலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க," என்றார் எஞ்சினியர்.

"ரெண்டு வருசம் சார். நம்ம ஆளுங்களே போட்டது."

"போன மழைக்கு என்ன ஆச்சு?"

"அப்படியே நின்னுச்சு சார். ஒரு கல்லு நவுரல."

நான்கு இடத்தில் உடைந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். குப்பத்துக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. விருந்தாளி முன்னால் மாமா சொன்னதை மறுத்துப் பேசுவதா? நான் பேசியிருக்க வேண்டும். சார், அடியில் வெறும் மணல், இது திருவிழாச் சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தை. ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அதைப் பார்த்த மாமா முகமெல்லாம் சிரிப்பாக, "இது எங்க மச்சினிச்சி சார். உங்க ஆபீசுதான். அதான் படத்துல போட்டுச்சு," என்றார். எஞ்சினியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் சோடா குடித்துவிட்டுப் போனார்.

அவர் எழுதியதில் குற்றம் சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் எழுதினார்: ஐந்தாம் துண்டில் சுவர் நல்ல நிலையில் உள்ளது.

பட்ஜெட் வந்தது. கடலரிப்புத் தடுப்புக்கு நான்கு துண்டு. ஹெட் டிராப்ட்ஸ்மேனுக்கே ஆச்சரியம், மூன்றைத்தான் எதிர்பார்த்தார். அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். நான் என் லட்டைக் காகிதத்தில் சுற்றி மேஜைக்குள் வைத்தேன், எறும்பு தின்றது. அக்கா மட்டும், "ரேடியோவுல சுவருக்குப் பணம் குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்ப்போம் அக்கா, பார்ப்போம் அக்கா என்றே இரண்டு மாதம் ஓட்டினேன்.

வெயில் காலத்தில் லாரி லாரியாகப் பாறை வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் ஆள் உயரம். சுவர் வடக்கு நோக்கி நீண்டு நீண்டு வந்து, குப்பத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றது. லாரிகள் போய்விட்டன. "மழ முடிஞ்சப்பால நம்மளுது போடுவானுங்க," என்று மாமா எல்லாருக்கும் சொன்னார். அதற்குள் தண்ணீர் வேறு மாதிரி திரும்பத் தொடங்கியிருந்தது. பாறையில் மோதிய அலை, பாறை முடியும் இடத்தில் சுற்றிக்கொண்டு வந்து குப்பத்தின் மணலை வாரியது. ஹெட் டிராப்ட்ஸ்மேனிடம் கேட்டேன். "முனையில அப்படித்தான் அரிக்கும். அதுக்குத்தான் அஞ்சும் சேத்துக் கேட்டோம்," என்றார். நான் தினமும் போக ஆரம்பித்தேன். எண்பது அடி ஐம்பதாயிற்று, ஐம்பது முப்பதாயிற்று. அக்கா எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நவம்பரில் புயல் சின்னம் என்றார்கள். புயல் வரவில்லை, தெற்கே போய்விட்டது. அதன் வால் மட்டும் எங்களை இரண்டு நாள் அடித்தது. முதல் நாள் காலையில் கல் வரிசை முழுக்கப் போயிற்று. மாமாவும் ஆறேழு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உருண்ட கல்லைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்தார்களாம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா வீட்டின் கடல் பக்கச் சுவர் சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம், வலை, இயேசுவின் திரு இருதயப் படம், கதவு ஒன்று, இவ்வளவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ராயபுரத்து வீட்டுக்கு வந்தார்கள். அதிகாரிகள் மூன்றாம் நாளே வந்து அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரே அறை. அப்பா, அம்மா, நான், அக்கா, மாமா, அவர்கள் பெண் குழந்தைகள் இரண்டு. மாமா இருக்கும் இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. அவர் உள்ளே வந்தால் நான் குழாயடிக்குப் போவேன். குழாயடிக்கு வந்தால் கோயிலுக்குப் போவேன். அவர் காசிமேட்டில் அடுத்தவர் கட்டுமரத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "ஆபீசரே வந்து பாத்துட்டு நல்லா கட்டிக்கீறீங்கன்னு சொன்னாரு. நம்ம நேரம், கடலு பெருசா வந்துடுச்சி," என்பார். நான்கு மாதமும் அதையேதான் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கொதிக்கும்.

அடுத்த மார்ச்சில் ஐந்தாம் துண்டுக்குப் பணம் வந்துவிட்டது. புதிய படத்தையும் நான்தான் இழுத்தேன். கரைக்கோடு உள்ளே வந்திருந்தது. வீடுகள் இல்லை, மிச்ச ரோட்டைக் காக்க என்று எழுதியிருந்தது. கீழே இருந்ததை மட்டும் இழுத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே கொட்டினேன். கோடு போட்டது, கேள்வி வந்தது, எஞ்சினியர் எதற்கு வந்தார் என்பது, சுண்ணாம்பு, எல்லாம். என் தப்பு, என் தப்பு என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சுகமாகக்கூட இருந்தது.

மாமா திட்டுவார் என்று பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ, நாங்க கல்லே போடாம சொம்மா இருந்திருந்தா, போன வருசமே சுவரு வந்திருக்கும். அப்படித்தானே?"

இல்லை மாமா, அவர்கள் எப்படியும் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். எனக்கு அன்றைக்கென்று பொய் வரவில்லை.

"ஆமா மாமா."

அவர் தலையை ஆட்டினார். தட்டிலேயே கை கழுவிவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கல்லைப் பற்றி அதற்கப்புறம் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

அக்கா தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இத்த என்னாண்ட மட்டும் சொல்லியிருக்கக் கூடாதாடி? வூடு போயிட்டுது, போவட்டும். நல்லா கட்டினோம்ன்ற நெனப்பு, அந்த ஆளு கையில மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."